நாய்க்கு முடி கொட்டுகிறதா? களிம்புக்கு முன் இரத்தப் பரிசோதனை

வீட்டு நாய்க்கு முடி கொட்டினால் பலரும் முதலில் சவர்க்காரத்தை மாற்றுகின்றனர். அதற்கும் சரிவராவிட்டால் களிம்பு, பிறகு அரிப்புக்கு ஊசி. ஆனால், நாய் சொறியாமலேயே முடி கொட்டுகிறது, அதுவும் உடலின் இரு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை விழுகிறது என்றால், கோளாறு தோலில் இல்லாமல் உள்ளே சுரக்கும் ஹார்மோனில் இருக்கலாம்.

நடுவயது நாய்களுக்குத் தைராய்டு குறைவு வருவதுண்டு. தீனி கூடாமலேயே உடல் பருக்கும். எந்நேரமும் படுத்தே கிடக்கும். வால் எலிவால் போல் மொட்டையாகும். வயதாகிவிட்டது என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று குஷிங் நோய். கார்ட்டிசோல் ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரப்பதால் வருவது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியே பெரும்பாலும் காரணம். வயிறு பானைபோல் தொங்கும், தோல் மெலியும், பசி அடங்காது. தண்ணீர்த் தாகமும் மிகும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் 1 லிட்டருக்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளந்து ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும், செலவில்லாத சோதனை.

அரிப்புக்குப் போடும் ஊசியிலும் களிம்பிலும் பல வேளைகளில் ஸ்டீராய்டு இருக்கும். அதுவும் கார்ட்டிசோலின் இனம்தான். நெடுநாள் கொடுத்தால் அதுவே குஷிங் நோயை வரவழைத்துவிடும். அதோடு தைராய்டு அளவையும் குறைத்துக் காட்டி, பரிசோதனையையே குழப்பிவிடும். ஏற்கெனவே கொடுத்த மருந்துகளை மறைக்காமல் சொல்வது அதனால்தான் அவசியம். பயந்துபோய் ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. சொந்தச் சுரப்பு அடங்கிப்போயிருக்கும் என்பதால் மருத்துவர் படிப்படியாகவே குறைப்பார்.

தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை ஆயுள் முழுதும் தேவை. சுறுசுறுப்பு சில வாரங்களில் திரும்பும். முடி வளர மாதக்கணக்காகும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று கைவிடக் கூடாது. குஷிங் நோய்க்கு டிரைலோஸ்டேன் உணவோடு கொடுக்கப்படுகிறது. அவ்வப்போது இரத்தம் பார்த்து அளவை மாற்றுவார்கள். வாந்தி, தளர்ச்சி, சாப்பிட மறுப்பது ஆகியவை தென்பட்டால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

தோலில் சீழ்க்கொப்புளமோ பூஞ்சையோ சேர்ந்திருந்தால் அதற்கும் தனியே மருந்து உண்டு.

ஆண் நாயின் முலைக்காம்பு வீங்கி முடியும் கொட்டினால் விரையைச் சோதிப்பது நல்லது. கீழிறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிய விரையில் கட்டி வந்து, பெண் ஹார்மோன் சுரப்பதுண்டு. காலத்தோடு அறுவை செய்து அகற்றினால் பெரும்பாலும் முடி மறுபடி வளர்ந்துவிடும்.