ஏரிக்கரையில் மனை வாங்கப் போகிறீர்களா?
சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குத் தாம்பரம் பக்கம் வீடு வசதிதான். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது குடியிருப்புக்கு 'லேக் வியூ' என்று பெயர் வைத்தால் விலையும் ஏறிக்கொள்கிறது!

ஆனால் தாம்பரம் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் என்னும் வழிந்தோடி வழியாக இறங்கிச் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து ஏரி ஏரியாகக் கடந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். இடையில் உள்ள கால்வாய், கோடையில் வறண்டு கிடக்கும்போது காலி மனை மாதிரியே தெரியும்.

எனவே மனை பார்க்கப் போனால், மாடியிலிருந்து ஏரி தெரிகிறதா என்பது இருக்கட்டும். கலங்கல் எந்தப் பக்கம், கால்வாய் எந்த வழி என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதையும் சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார்கள்.