உடம்புக்கு என்ன?

பள்ளியில் நான் எழுதக் கற்ற முதல் கடிதம் லீவ் லெட்டர். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' காய்ச்சல் என்ற இடத்தில் வயிற்றுவலி வரலாம், தலைவலி வரலாம். ஆனால் அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. லீவ் வேண்டுமென்றால் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது எட்டு வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது.

அம்மாவுக்கும் அப்படித்தான். 1980களில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தபோது, கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்காக மெடிக்கல் லீவ் போட்டார். டாக்டர் எழுதிய சர்டிபிகேட்டில் எல்லாமே தெளிவாக இருந்தது. அது தபால் பிரிவில் எண் வாங்கி, பிரிவு எழுத்தரிடம் போய், சூப்பிரண்டு மேசையைத் தாண்டி, அதிகாரியின் கையெழுத்துக்குப் போனது. போன வழியெல்லாம் படிக்கப்பட்டது. திரும்பி வேலைக்குப் போன அன்று, முகம் தெரியாத பிரிவுக்காரர்கூட, "இனிமே கனமா எதுவும் தூக்காதீங்கம்மா" என்றாராம். அக்கறையாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு கூசிப்போனது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆபரேஷன் அன்று ரத்தம் கொடுத்தவர்கள் அதே அலுவலகத்துக்காரர்கள் இரண்டு பேர். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக ஒரு பிரிவே ஆஸ்பத்திரிக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததால் வந்த ஆதரவு அது. அன்றைய காலத்தைக் குறை சொல்லும்போது இதை மறைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்த ஆதரவு எல்லா நோய்க்கும் கிடைக்கவில்லை. டிபி வந்தவர் சளி என்று எழுதினார். மனநல சிகிச்சைக்குப் போனவர் மஞ்சள் காமாலை என்றார். 1986இல் இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட பின், ரத்தப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே பயந்தார்கள். மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளோடு வரும் சான்றிதழ்ப் படிவத்தில், இன்னார் இன்ன நோயால் அவதிப்படுகிறார் என்று நிரப்ப ஓர் இடம் இருக்கிறது. உண்மையை எழுதினால் மானம் போகும் என்று பயந்தவர்கள், அந்த இடத்தைப் பொய்யால் நிரப்பினார்கள். நேர்மையான மனிதரையும் அந்தக் கேள்வி பொய் சொல்ல வைத்தது.

கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு சாட்சி. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண், பிரசவ விடுப்பில் போனபோது நீக்கப்பட்டார். சேரும்போது நிரப்பித் தந்த படிவத்தில் தவறான தகவல் கொடுத்தார் என்பது காரணம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்டிருந்தது. இவை ஒரு பெண்ணின் தன்மானத்தைப் புண்படுத்தும் கேள்விகள் என்று சொன்ன நீதிமன்றம், அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது.

இன்று சட்டத்தின் துணை கூடியிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அதே ஆண்டு வந்த மனநலச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாக்கியது. எச்.ஐ.வி. சட்டம், தொற்று இருப்பதைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதற்குத் தடை போட்டது.

ஆனால் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? நான் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்தில் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் லீவ் சொல்ல வேண்டும். பதினான்கு பேர் பார்ப்பார்கள். உடனே, "என்னாச்சு?" என்று நான்கு பேர் கேட்பார்கள். மூன்று நாளைத் தாண்டினால் டாக்டர் சீட்டை, ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை, ஹெச்.ஆர். தளத்தில் ஏற்ற வேண்டும். வந்த நோய் மட்டுமா அதில் இருக்கும்? பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், பெண் என்றால் பிரசவங்களின் எண்ணிக்கைகூட இருக்கும். அம்மாவின் சர்டிபிகேட் நான்கு மேசைகளைத் தாண்டியபின் கட்டுக்குள் போய் அடங்கிவிட்டது. இன்றைய கோப்பு அடங்குவதில்லை. யார் திறந்தார்கள், எங்கே நகல் இருக்கிறது என்பது ஏற்றியவருக்குத் தெரியாது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தார். டாக்டர் கவனமாக, நோயின் பெயரை எழுதாமல், பத்து நாள் ஓய்வு தேவை என்று மட்டும் கொடுத்தார். ஆனால் சீட்டின் தலைப்பில் 'மனநல மருத்துவமனை' என்று அச்சடித்திருந்தது. கருத்தரிப்பு மையத்தின் சீட்டும் புற்றுநோய் மருத்துவமனையின் சீட்டும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அவர் அதை ஏற்றவே இல்லை. தனக்கு உரிய நோய் விடுப்பை விட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பில் பத்து நாளைக் கழித்தார். ரகசியத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. மருத்துவ ஆவணங்களைத் தனிக் கவனத்துக்குரிய தகவல் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் பிரித்துச் சொன்னது போல, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லவில்லை. வேலை தொடர்பான நோக்கத்துக்கு ஊழியரின் தகவலை அவர் சம்மதம் இல்லாமலேயே பயன்படுத்தவும் அது முதலாளிக்கு இடம் தருகிறது.

பொய்ச் சான்றிதழ் வரும் என்று நிறுவனங்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதைச் சரிபார்க்க நோயின் பெயர் எதற்கு? ஒவ்வொரு சான்றிதழிலும் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002 முதல் விதி. அந்த எண்ணும் நாட்கணக்கும் போதும். பஸ் ஓட்டுபவரின் பார்வை போல மற்றவர் உயிரைத் தொடும் விஷயம் என்றால், நிறுவனத்தின் மருத்துவர் பார்த்து, வேலைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். எத்தனை நாள் வரமாட்டார் என்பது அலுவலகத்துக்குத் தெரிய வேண்டிய சேதி. ஏன் வரமாட்டார் என்பது அவருக்கும் டாக்டருக்கும் இடையில் இருக்க வேண்டிய சேதி. பிறகு, நெருங்கிய தோழியிடம் அவராக மனம்விட்டுச் சொன்னால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போக நமக்குத் தெரியும்.

போன வருடம் எங்கள் குழுவின் பொறுப்பு எனக்கு வந்தது. லீவ் சொல்வதை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்து, எனக்குத் தனியாக அனுப்பினால் போதும், தேதி மட்டும் எழுதுங்கள் என்றேன். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த அந்தப் பெண்தான் முதலில் அனுப்பினார்: "திங்கள் முதல் வெள்ளி வரை." அடுத்த திங்கட்கிழமை வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், உடம்புக்கு என்ன என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அம்மா கூசி நின்றது நினைவுக்கு வந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லக்கா, வாங்க போலாம்" என்று எழுந்தார்.