தூரத்திலேயே பேர் சொல்லும் எழுத்து!

ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவை ஒட்டி இருக்கும் மீனவ ஊர் திருப்பாலைக்குடி. இதுபோன்ற கரையோர ஊர்களில் படகில் எழுதும் பெயரும் எண்ணும் வெறும் அலங்காரம் இல்லை. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி படகுகளைப் பதிவு செய்ய வேண்டும். கடலுக்குப் போன ஒரு படகு நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால், மற்றவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எந்தப் படகைப் பார்த்தீங்க?' என்பதுதான். அப்போது உதவுவது, தூரத்திலிருந்தே படிக்க முடிந்த தடித்த எழுத்து!

உப்புக்காற்றிலும் வெயிலிலும் பெயின்ட் உதிரும்போது மெல்லிய கோடுதான் முதலில் மறையும். தடித்த கோடு தாக்குப்பிடிக்கும்.

சிகாகோவிலிருந்து வந்த குண்டு எழுத்து

உலகம் முழுக்க இந்த வேலையைச் செய்யும் ஆங்கில எழுத்துரு ஒன்று உண்டு. பெயர் 'கூப்பர் பிளாக்'. சிகாகோவைச் சேர்ந்த ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது, 1922-ல் வெளியானது. எழுத்தின் முனைகளில் சின்னப் பாதம் போல வரும் பகுதியை 'செரிஃப்' என்பார்கள். கூப்பர் பிளாக்கில் அந்தப் பாதங்களும் உருண்டை, உடம்பும் குண்டு. கண்டிப்பே இல்லாத, சிரித்த முகம். தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கும், கிட்டப்பார்வை உள்ள அவர்களின் வாடிக்கையாளர்களுக்கும் ஏற்றது என்று கூப்பரே கிண்டலாகச் சொன்னதாகச் சொல்வார்கள். 1966-ல் வந்த பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் அட்டையிலும், ஈஸிஜெட் விமானங்களிலும் இருப்பது இதுதான்.

தமிழில் என்ன சிக்கல்?

தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். கோட்டைத் தடிமனாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றுபோலத் தெரியும். 'பணி' எது, 'பனி' எது என்று குழப்பம் வரும். புள்ளி அமுங்கினால் 'கடல்' என்பது 'கடல' ஆகிவிடும்! அதனால், நல்ல தடித்த தமிழ் எழுத்தில் கோடு பருத்தாலும் சுழிக்குள் காற்றோட்டம் இருக்கும்.

பழைய வாசனை வேண்டும் என்று சிலர் பழைய 'லை', 'ணை' வடிவங்களைத் தலைப்புகளில் எழுதுகிறார்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கிய பிறகு படித்தவர்கள் பலருக்கு அவை புதிர். கடைப் பெயருக்கு அழகு, படகுக்கு வேண்டாம்.

எங்கே பயன்படுத்தலாம்?

* கடை போர்டு, படகு, விழா அழைப்பிதழின் தலைப்பு: இரண்டு மூன்று சொற்களுக்குப் பிரமாதம்.
* முகவரி, தேதி, நீண்ட பத்தி: வேண்டவே வேண்டாம். கண் களைத்துவிடும்.
* எழுத்துகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள். அடர் நிறப் பின்னணியில் வெளிர் நிற எழுத்து நன்றாக எடுபடும்.
* எழுதி முடித்ததும் முப்பது அடி தள்ளி நின்று, பெயர் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்தால், எழுத்து தேறிவிட்டது!