வாவிக்கரையில் கதை கேட்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஏதாவது ஓர் ஊருக்குக் கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்து, போர்க்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெயர், ஊர், கிராம சேவகர் பிரிவு, பிள்ளை காணாமல் போன திகதி, அன்று உடுத்திருந்த உடுப்பு என்று எல்லாம் ஒழுங்காக வரும். நீங்கள் கேட்பதற்கு முன்பே வரும். பிறகு ஒரு பையைத் திறந்து புகைப்படமும் கடிதப் பிரதிகளும் காட்டுவார்கள்.

இது வாக்குமூலம். இந்த மக்கள் இதைப் பலமுறை சொல்லிவிட்டார்கள். 1990க்குப் பிறகு வந்த ஆணைக்குழுக்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் சொன்னார்கள். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்துக்காகச் சொன்னார்கள். 2010இல் தொடங்கிய நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னாலும் சொன்னார்கள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு படிவம் இருந்தது. படிவத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்லிச் சொல்லி, அந்த ஒழுங்கே பேச்சாகிவிட்டது. மனிதர்களின் கதையைச் சேகரிக்கப் பழகுகிறவர் இந்த ஊர்களில் முதலில் தாண்ட வேண்டிய படி இதுதான்.

தாண்டுவதற்கு ஒரு வழி உண்டு. இனவரைவியல் என்று அதற்குப் பெயர். மக்களோடு நெடுநாள் தங்கி, அவர்களுடைய மொழியில் பேசி, அவர்கள் செய்யும் வேலையையும் சடங்கையும் கூட இருந்து பார்த்து எழுதுவது. இதை ஒரு முறையாக நிலைநாட்டியவர் என்று மலினோவ்ஸ்கியைச் சொல்வார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் துரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கியவர். அவருக்கு லண்டனில் ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் செலிக்மன். அந்தச் செலிக்மனும் அவர் மனைவி பிரெண்டாவும் இலங்கைக்கு வந்து வேடர்களைப் பற்றி ஆராய்ந்து 1911இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையோர வேடர்களுக்கும் இடம் உண்டு. ஆக, இந்தக் கரைக்குக் கள ஆய்வு புதிதல்ல.

ஆனால் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்லும் பெயர் டெனிஸ் மக்கில்வரே. அமெரிக்க மானுடவியலாளர். 1969இல் தொடங்கி அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தார். அக்கரைப்பற்று இன்று அம்பாறை மாவட்டத்தில் இருந்தாலும், வழக்கத்தாலும் உறவாலும் மட்டக்களப்பு உலகத்தைச் சேர்ந்த ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் அந்த ஊரில், இரு சாராரிடமும் தாய்வழியில் வரும் குலப்பிரிவான குடி முறை இருப்பதை அவர் விரிவாகப் பதிவு செய்தார். கோயில் திருவிழாவின் முறையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடி எப்படி நிற்கிறது என்பதையும் எழுதினார். அவருடைய பெரிய நூல் வெளிவந்தது 2008இல். முதல் வருகைக்கும் நூலுக்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்!

குடியைப் புரிந்துகொள்ள ஒரு வளவுக்குள் போனால் போதும். முன்னால் கல்வீடு, பக்கத்தில் சிறிய வீடு, பின்னால் பாதி கட்டிய சுவர். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனதும் தாய் இருந்த வீடு சீதனமாக அவளுக்குப் போகிறது. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்கிறார். தாயும் தகப்பனும் இளைய பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்கு மாறுகிறார்கள். பாதிச் சுவர் அடுத்தவளுக்கு. இந்த வளவைக் கொப்பியில் படமாக வரைந்து, “இந்த வீட்டை யார் கட்டினது? எந்தக் காசில?” என்று கேட்டுப் பாருங்கள். நெல் விற்ற காசு, மத்திய கிழக்கிலிருந்து வந்த காசு, சுனாமிக்குப் பிறகு நிறுவனம் தந்த காசு என்று மூன்று தலைமுறை வரலாறு வெளியே வரும். பாதியில் நின்ற சுவரைக் காட்டி, “இது அவன் இருக்கக்குள்ள தொடங்கினது” என்று ஒரு தாய் சொன்னால், படிவத்தில் வராத மகன் அங்கே வந்துவிட்டான். நீங்கள் அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இழப்பைக் கேள்வியாகப் போடாதீர்கள் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. வீட்டைக் கேளுங்கள், வலையைக் கேளுங்கள், வயலைக் கேளுங்கள். சொல்ல விரும்புகிறவர் இழப்பை அதற்குள் தானே கொண்டுவந்து வைப்பார். விரும்பாதவர் வைக்கமாட்டார். அந்த உரிமை அவருடையது.

காலத்தைக் கேட்பதும் அப்படித்தான். எந்த ஆண்டு என்றால் தடுமாறும் மூதாட்டி, சூறாவளிக்கு முந்தியா மறுகாவா என்றால் உடனே சொல்லுவார். 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகள், சுனாமி. இந்த ஊர்களின் நாட்காட்டி இது. முதலில் அதை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, பேச்சு ஏற்கனவே எங்கே நடக்கிறது என்று பார்ப்பது. 1990களின் தொடக்கத்தில், வெளியே எவரும் வாய் திறக்க அஞ்சிய காலத்தில், மானுடவியலாளர் பெட்ரீசியா லோரன்ஸ் மட்டக்களப்பில் ஆய்வு செய்தார். தாய்மார் அம்மன் கோயில்களுக்கும் தெய்வம் ஏறி வாக்குச் சொல்பவர்களிடமும் போய்க்கொண்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டு போன பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியை அங்கே கேட்க முடிந்தது. அலுவலகத்தில் கேட்டால் ஆபத்து. அம்மனிடம் கேட்டால் யார் தடுப்பது? லோரன்ஸ் அந்த இடங்களில் போய் இருந்தார். கேட்க முடியாத கேள்விக்கு மக்கள் தாங்களே ஓர் இடம் உண்டாக்கியிருந்ததை அவருடைய எழுத்தில் காண்கிறோம்.

ஒன்றோடொன்று முரண்படும் பேச்சையும் கேட்கப் பழக வேண்டும். மானுடவியலாளர் மார்க் விட்டேக்கர் 1980களில், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் மண்டூர் முருகன் கோயிலை ஆராய்ந்தார். கோயிலின் வரலாறும் உரிமையும் பற்றி அங்கே ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொன்று சொன்னது. புதிதாகக் களத்துக்குப் போகிறவருக்கு இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லக் கை துடிக்கும். அவர் அந்த முரண்களையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1999இல் வந்த அவருடைய நூலின் அடித்தளம் அதுதான்.

இனிக் குறிப்பு எழுதும் வேலை. இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். “மிகுந்த வேதனையோடு சொன்னார்” என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. மகனின் பெயரைச் சொல்லாமல் ‘மூத்தவன்’ என்றே சொன்னார், இறால் உரித்த கை நிற்கவில்லை, அயல்வீட்டுக்காரி படலையைத் திறந்ததும் பேச்சு நெல் விலைக்குத் திரும்பியது என்று எழுதினால் அது குறிப்பு. எதிரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் எழுதினால் பேச்சு உறைந்துவிடும். நாலு சொல் குறித்துக்கொண்டு, அன்றிரவே உட்கார்ந்து விரித்து எழுத வேண்டும். மறுநாள் என்று தள்ளிப் போட்டால் பாதி போய்விடும். கைபேசியில் பதிவு செய்வது நல்லதுதான், ஆனால் படலை திறந்தது பதிவில் கேட்காது.

சம்மதம் கேட்கும்போது கையெழுத்துக்குத் தாளை நீட்டாதீர்கள். சோதனைச் சாவடியிலும் முகாமிலும் தாளில் கையெழுத்து வைத்த மக்கள் இவர்கள். எதற்காகக் கேட்கிறேன், எங்கே வெளிவரும், யார் படிப்பார்கள் என்று வாயால் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றினாலும் போதாது: ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளை இழந்த தாய் ஒருவரே இருந்தால், பெயர் இல்லாமலே அயலார் கண்டுகொள்வார்கள். அப்படிப்பட்ட விவரத்தை எவ்வளவு நல்ல கதையானாலும் விட்டுவிடத்தான் வேண்டும்.

யாரோடு போகிறீர்கள் என்பதும் கதையை மாற்றும். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தக் கரையில், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டதையும் ஒருவரே இரண்டு பக்கமும் போய்க் கேட்பது எளிதல்ல. பலர் சேர்ந்து போவது ஒரு வழி. மானுடவியலாளர் ஜோனதன் ஸ்பென்சர், பேராதனையில் புவியியல் பேராசிரியராக இருந்த ஹஸ்புல்லா, காலிங்க டியூடர் சில்வா முதலியோர் சேர்ந்து எழுதி 2015இல் வந்த கிழக்கிலங்கை பற்றிய நூல் கூட்டுக் கள ஆய்வுக்கு நல்ல முன்மாதிரி.

கேட்டது எங்கே போய்ச் சேர வேண்டும்? நான் மேலே சொன்ன நூல்களில் பல ஆங்கிலத்தில் வெளிநாட்டில் அச்சானவை. அந்தத் தாய்மார் அவற்றைப் படிக்கப்போவதில்லை. இந்தக் குறை இல்லாமல் உள்ளூரில் சிலர் தங்கள் வழியில் வேலை செய்தார்கள். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினார். பேராசிரியர் மௌனகுரு, கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரின் கூத்தை ஆராய்ந்து எழுதினார். சி. ஜெயசங்கர் சீலாமுனை ஊர் மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினார். அங்கே ஆய்வுக்கு உட்பட்டவர்களே ஆய்வாளர்களுமானார்கள். என் கணக்கில் இதுவே மேலான வழி. அவ்வளவு முடியாவிட்டாலும், எழுதியதைச் சொன்னவரிடம் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டலாம். “இது வேணாம் மகள், எடுத்துப்போடு” என்றால் எடுத்துவிட வேண்டும்.

1957 வெள்ளத்தைக் கண்டு நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெத்தாச்சி இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் போய் உட்காருங்கள். இந்த வளவில் முதல் வீட்டை யார் கட்டியது என்று கேட்டுத் தொடங்குங்கள்.