அம்மன் காசு தெரியும்... இந்த ‘ஆன்லைன் ராஜ்ஜியத்தின்’ காசு தெரியுமா? மக்கள் ஓட்டுப் போட்டு மீட்ட ஒரு பழைய கேமின் கதை!

புதுக்கோட்டைக்காரர்களுக்கு ‘அம்மன் காசு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. சுற்றிலும் பிரிட்டிஷ் ரூபாய் புழங்கிய காலத்திலும், தொண்டைமான் சமஸ்தானத்துக்குள் இந்தக் குட்டிச் செப்புக்காசு செல்லுபடியானது. நவராத்திரி நாள்களில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கவும் செய்தார்கள். 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அம்மன் காசு பழங்காசு சேகரிப்பவர்களின் பெட்டிக்குள் போய்விட்டது.

ஏற்றுக்கொள்ள மக்கள் இருக்கும்வரைதான் காசுக்கு மதிப்பு. தனிக் காசு, தனிச் சந்தை, தனிச் சட்டம் என்று இயங்கும் அப்படிப்பட்ட சின்ன ராஜ்ஜியங்கள் இன்று மொபைலுக்குள்ளும் இருக்கின்றன. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாழும் ஆன்லைன் விளையாட்டுகள் அவை. அவற்றில் பழைய ஸ்டைலுக்குப் பெயர்போனது, ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’.

கேக்குக்கு முட்டை தேடும் வீரன்!

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர், தன் சகோதரர் பால் கோவருடன் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு ரூன்ஸ்கேப். பெரிய ஸ்டூடியோ கிடையாது, கோடிகளில் முதலீடு கிடையாது. 2001 ஜனவரி 4-ம் தேதி வெளியானபோது, இணைய பிரவுசரிலேயே விளையாடலாம் என்பதுதான் அதன் பெரிய பலம்.

உள்ளே போனதும் வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. ஆரம்பத்தில் வரும் வேலைகளில் ஒன்று, அரண்மனைச் சமையல்காரருக்கு உதவுவது. பிரபுவின் பிறந்தநாள் கேக்குக்கு முட்டை, பால், மாவு கொண்டுவர வேண்டும். மாவு வேண்டுமென்றால் வயலில் கோதுமை பறித்து, காற்றாலையில் அரைக்க வேண்டும். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், இரும்பை உருக்கலாம். கிடைத்ததைச் சந்தையில் விற்றால் பொற்காசு!

எல்லாமே ஆமை வேகம். ஒரு தொழிலில் 99-வது நிலையைத் தொட 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-வது நிலைக்கு வந்தவர், பாதி தூரம்தான் வந்திருக்கிறார்! சர்வரும் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் யார் என்ன செய்தார்கள் என்று கணக்குப் பார்க்கும். அதனால் கண்ணிமைக்கும் வேகமும் விலை உயர்ந்த போனும் இல்லாதவர்களும் தாக்குப்பிடிக்கலாம்.

போன ராஜ்ஜியம் திரும்பி வந்தது

2012-ல் ரூன்ஸ்கேப்பின் சண்டை முறையை ஜாகெக்ஸ் நிறுவனம் அடியோடு மாற்றியது. ‘இது எங்கள் விளையாட்டே இல்லை’ என்று கொதித்த பலர் வெளியேறினார்கள். நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பழைய பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. ‘அதைத் திரும்பக் கொண்டுவரலாமா?’ என்று 2013-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் நாலரை லட்சம் ஓட்டுகள் விழுந்தன. பழைய உலகம் மீண்டும் திறந்தது.

அதன்பிறகு ஓட்டுப் போடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிய அம்சங்களைச் சேர்க்க 75 சதவிகித ஆதரவு வேண்டும் என்பது முதலில் வைத்த விதி. பிற்பாடு அது 70 ஆனது. கடலோடும் தொழிலைச் சேர்க்கலாமா என்று 2015-ல் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டோர் ‘சரி’ என்றார்கள். ஆனாலும் 75-ஐத் தொடாததால் திட்டம் கிடப்புக்குப் போனது. 2023-ல் மறுபடி கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினார்கள்.

பொற்காசை விற்றுச் சாப்பாடு

இந்த ராஜ்ஜியத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. வெனிசுவேலாவில் விலைவாசி தலைதெறிக்க ஏறி, அந்நாட்டுப் பணம் வெறும் காகிதமானபோது, அங்கிருந்த பலர் இந்தக் கேமுக்குள் நாளெல்லாம் டிராகன் வேட்டையாடினார்கள். கிடைத்த பொற்காசை வெளிநாட்டு வீரர்களுக்கு விற்று, வீட்டுக்கு அரிசி, பருப்பு வாங்கினார்கள். நிஜ நாட்டின் பணத்தைவிட கேம் காசு நம்பகமாக இருந்த காலம் அது. இப்படி விற்பது விளையாட்டின் விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் கணக்கே முடக்கப்படும். பல மாத உழைப்பு ஒரே நாளில் காலி.

சூதாட்டமும் உள்ளே எட்டிப்பார்த்தது. பொற்காசைப் பந்தயம் வைத்து இருவர் மோதும் களம் ஒன்று அங்கே இருந்தது. அதைச் சுற்றி சூதும் மோசடியும் பெருகவே, 2022-ல் நிறுவனமே அந்தக் களத்தை மூடிவிட்டது.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

‘ஆன்லைன் கேம்’ என்றதும் நம் வீடுகளில் ரம்மிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும், பணப் பந்தயம் இல்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது.

பிள்ளை என்ன விளையாடுகிறது என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். உள்ளே போடும் பணம் பெருகித் திரும்பும் என்று ஆசை காட்டுகிறதா? காட்டினால், அது விளையாட்டல்ல. முகம் தெரியாதவர்களோடு சாட் செய்ய முடியுமா? முடியும் என்றால், பெயர், ஊர், போன் நம்பர், ஓ.டி.பி எதையும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எப்போது நிறுத்துவது? ரூன்ஸ்கேப் போன்ற மெதுவான விளையாட்டுக்கு முடிவே கிடையாது. காசு தின்னாவிட்டாலும் நேரத்தைத் தின்னும். அதனால் நேரத்தை வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

நம்ம ஊர்க் கதை எப்போது?

சின்னக் குழுவால் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. கனடாவின் டொரன்டோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’, அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லி, பிரியாணி மணக்க ‘வெண்பா’ என்ற கேமாக 2023-ல் வெளியிட்டது. 2024-ல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் அது வென்றது. பலர் சேர்ந்து விளையாடும் கேம் அல்ல என்றாலும், நம் சமையலறைக் கதைக்கு உலகம் காது கொடுக்கும் என்று காட்டிவிட்டது.

சித்தன்னவாசலின் தாமரைக் குளம், திருமயம் கோட்டை, நார்த்தாமலைக் குன்றுகள் என ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இவ்வளவு களங்கள் இருக்கின்றன. கட்டம் கட்டமான பழைய பாணி கிராஃபிக்ஸுக்குக் கோடிகள் தேவையில்லை. பொறுமையும் நிரல் எழுதத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால் தொடங்கலாம். ‘எந்நேரமும் போன்தானா?’ என்று திட்டுவதற்கு முன், ‘நீயே ஒரு கேம் செய்தால், அதில் நம்ம ஊரில் எந்த இடத்தை வைப்பாய்?’ என்று பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்!