தூண்டிலில் சிக்கும் பனையேறி: பூயு மீனை அறிவோம்

ஜொகூரின் செம்பனைத் தோட்டக் கால்வாய்கள், சதுப்பு நிலக் குட்டைகள், வயலோர வாய்க்கால்கள் என்று எங்கே தூண்டில் போட்டாலும் தவறாமல் வந்து மாட்டும் மீன் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதை ‘ஈக்கான் பூயு’ என்கிறார்கள். தமிழில் அதன் பெயர் பனையேறி கெண்டை. செங்கல்பட்டுப் பக்கம் பனங்கொட்டை மீன் என்றும் சொல்வார்கள். தமிழகத்தின் ஏரி, வயல்களிலும் வாழும் மீன் என்பதால், தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோருக்கு இது புதியதாக இருந்திருக்காது.

அறிவியலில் இதன் பெயர் ‘அனபாஸ் டெஸ்டுடினியஸ்’. 1792இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் இதை வகைப்படுத்தினார். இந்த மீனை உலகம் பேச வைத்தது தரங்கம்பாடி. அப்போது டேனிஷ்காரர்களின் வசம் இருந்த அந்த ஊரில், லெப்டினன்ட் டால்டார்ப் என்பவர் 1791இல் பனைமரத்தின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்துக்கு 5 அடி மேலே இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டனின் லின்னேயச் சங்கம் அதை வெளியிட்டது. மீன் உண்மையிலேயே மரம் ஏறுமா? காக்கையோ பருந்தோ தூக்கிச் சென்று மரத்தில் விட்டிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் தரையில் நடப்பது உண்மை. மழை பெய்து புல் நனைந்திருக்கும்போது ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு இது நகர்ந்து போகும்.

எப்படி அடையாளம் காண்பது?

பூயு பொதுவாக ஒரு சாண் நீளத்துக்குள்தான் இருக்கும். அதிகபட்சம் 25 சென்டிமீட்டர். உடல் பழுப்பு கலந்த பச்சை நிறம், செதில்கள் பெரியவை, கெட்டியானவை. வாலின் அடியில் ஒரு கரும்புள்ளி, செவுள் மூடிக்குப் பின்னால் இன்னொன்று இருக்கும். வயதான மீன்களில் இவை மங்கிவிடலாம். குட்டித் திலாப்பியாவோடு குழப்பிக்கொண்டால் செவுள் மூடியின் விளிம்பைப் பாருங்கள். திலாப்பியாவுக்கு அது வழவழப்பாக இருக்கும். பூயுவுக்கு ரம்பப் பல் போல முட்கள் இருக்கும். செப்பாட் மீனுக்கு வயிற்றடியில் நூல் போன்ற நீண்ட துடுப்பு உண்டு. பூயுவுக்கு அது கிடையாது.

நடப்பதற்கு உதவுவதும் அந்த முட்கள்தான். செவுள் மூடியை விரித்துத் தரையில் ஊன்றிக்கொண்டு, வாலால் உடலை முன்னே தள்ளும். வெளியில் இருக்கும்போது மூச்சு விட இதற்குத் தனி உறுப்பு உண்டு. செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள் மீது இரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அதன் வழியாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது. நீருக்குள் இருந்தாலும் அடிக்கடி மேலே வந்து காற்று குடித்தே ஆக வேண்டும். தடுத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

பிடிப்பது எப்படி?

பாசியும் புல்லும் அடர்ந்த தேங்கிய நீரில், மேற்பரப்பில் சின்னக் குமிழ்கள் எழும் இடத்தைக் கவனியுங்கள். சிறிய கொக்கி, மிதவை, மண்புழு அல்லது வெட்டுக்கிளி போதும். முசுட்டு எறும்பின் முட்டையையும் இரையாக வைப்பார்கள். பிடித்த மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி, முட்களை மடக்கிப் பிடியுங்கள். துணி இருந்தால் நல்லது. வாளியில் பாதியளவு தண்ணீர் வைத்து, துளையிட்ட மூடி போடுங்கள். திறந்து வைத்தால் மீன் வெளியேறிவிடும். விளிம்புவரை நீர் ஊற்றி இறுக மூடினால் காற்றின்றி இறந்துவிடும்.

வாயில் கவ்வாதீர்கள்

ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் அடுத்த மீனும் இருக்கும்போது, முதல் மீனைப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. இது உயிரைப் பறித்திருக்கிறது. துள்ளும் மீன் தொண்டைக்குள் பாய்ந்து மூச்சடைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. உள்ளே போன மீன் செவுள் மூடியை விரித்துக்கொள்ளும். முட்கள் பின்னோக்கி இருப்பதால், வாலைப் பிடித்து இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகக் குத்தும். எனவே இழுத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், 999ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சில நேரம் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்த பிறகே மருத்துவர்களால் மீனை எடுக்க முடியும். பிள்ளைகள் தூண்டிலோடு கிளம்பும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள்.

மீன் இருந்தால் நீர் சுத்தமா?

மற்ற மீன்கள் செத்து மிதக்கும் கால்வாயிலும் பூயு உயிரோடு இருக்கும். ஆக்சிஜனுக்கு அது நீரை நம்பியிருக்கவில்லை என்பதே காரணம். ஆகவே பூயு துள்ளுகிறது என்பதற்காக நீர் நல்லது என்று எண்ண முடியாது. களைக்கொல்லி தெளித்த இடங்களை ஒட்டிய கால்வாய், ஆலைக் கழிவு கலக்கும் ஓடை ஆகியவற்றில் பிடித்த மீனைச் சமைக்காமல் தவிர்ப்பதே நல்லது.