அனுபவம் எந்தக் கடையில் விற்கிறது?

தம்பி!

"முன் அனுபவம் உண்டா?" - மூன்றே சொற்கள். நான்கு ஆண்டுப் படிப்பை நான்கே நொடியில் நசுக்கிப்போடும் மூன்று சொற்கள்!

திண்டிவனத்து அரிசி ஆலையிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவரின் மகளை எண்ணிப்பார். பி.எஸ்சி. நர்சிங் தேறிவிட்டாள். அப்பன் முதுகிலே ஏறிய மூட்டைகள்தான் மகள் கையிலே பட்டமாக மாறியிருக்கின்றன. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த செவிலியர், தாதியர் குழுமத்திலே பெயரையும் பதிந்துவிட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலே பணியாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. கேட்டுப் போகிறாள். "அங்கே வேலை பார்த்த அனுபவம் வேண்டும்" என்கிறார்கள். அனுபவம் எப்படி வரும்? அங்கே வேலை பார்த்தால் வரும். வேலை எப்போது தருவார்கள்? அனுபவம் வந்த பிறகு! நீச்சல் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்கலாம் என்றால், நீச்சலைத் திண்ணையிலா கற்பது?

அவள் ஆசை பேராசையல்ல, தம்பி. நம் ஊர் எங்கே இருக்கிறது? சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையிலே! இரவும் பகலும் பேருந்தும் லாரியும் பறக்கும் பாதை. விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவிலே தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கப்பட்டதே, எங்கே? இதே சாலையிலே, நமக்கு வடக்கே உள்ள மேல்மருவத்தூரில்! தெற்கே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. புதுவைச் சாலையில் போனால் கோரிமேட்டிலே ஜிப்மர். கருவிகள் உண்டு, கட்டிலும் உண்டு. அடிபட்டவன் மூச்சு அடங்காமல் அருகிருந்து காக்கக் கை வேண்டாமா? அந்தக் கைதான் நர்சு!

மருத்துவமனைகளின் அச்சம் வீண் அச்சம் என்று நாம் சொல்லவில்லை. வென்டிலேட்டரிலே கிடக்கும் நோயாளி ஒருவருக்கு நர்சு ஒருவர் என்பது நெறி. சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்திலே ஒரு புள்ளி இடம் மாறினால், பத்து மடங்கு ஏறிவிடும், உயிர் போய்விடும். அமெரிக்கச் செவிலிய அறிஞர் பட்ரீசியா பென்னர் 1984-இல் எழுதிய நூலிலே, புதியவர் தேர்ந்தவராக ஐந்து படிகள் ஏறவேண்டும் என்றார். ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற பிறகே நடுப்படியான மூன்றாம் படி கைகூடும் என்றும் காட்டினார். ஆகவே அனுபவம் தேவைதான்!

நாம் கேட்பது வேறு. அந்தப் படிகளைக் கட்டவேண்டியவர் யார்? பட்டறைக்கு வரும் பையனிடம், "லேத்து ஓட்டிய அனுபவம் உண்டா?" என்று கேட்டா சேர்க்கிறோம்? மேஸ்திரி அருகே நிறுத்திப் பழக்குகிறோம். அதற்கென்று 1961-லேயே தொழிற்பயிலுநர் சட்டம் வந்தது. பயிலும்போதே உதவித்தொகையும் வந்தது. இரும்பைக் கடைய ஒருவனைப் பழக்கத் தெரிந்த நாட்டுக்கு, உயிரைக் காக்க ஒருத்தியைப் பழக்கத் தெரியாதா?

"பழக்குகிறோம்" என்று சொல்லும் சில இடங்களும் உண்டு. எப்படி? அசல் சர்டிபிகேட்டைப் பெட்டியிலே பூட்டிவைத்து, ஆண்டுக்கணக்கில் பாண்டு எழுதி வாங்கி, அற்பக் கூலி கொடுத்து! கற்றுக்கொடுப்பதல்ல அது, கட்டிப்போடுவது!

2016 ஜனவரி 29-இல் உச்சநீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனையில் அரசு நர்சுக்கு இணையான ஊதியம். 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது - இது குழுவின் பரிந்துரை. பரிந்துரை ஏட்டிலே இருந்தது. கேரளத்து நர்சுகள் அணிதிரண்டார்கள், ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018 ஏப்ரலில் அங்கே அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என்று அரசாணை பிறந்தது. ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கியது எது? சங்கம்!

அரசு வேலை என்றால் அல்லல் இல்லையா? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வென்றவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்திலே அவர்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து நியாயம் கேட்டதை நாடு பார்த்தது. கொரோனா நாளில் எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-உடன் வேலை இழந்தார்கள். கோட்டையிலே யார் அமர்ந்தாலும், கொள்ளைநோயிலே காத்த கரங்களுக்குக் கணக்குத் தீர்க்கும் முறை இதுவல்ல.

தம்பி! உன் வீட்டிலோ, உன் தெருவிலோ இப்படி ஒரு பெண் வேலைக்குக் கிளம்பினால், ஐந்து கேள்விகளைக் கேட்டுவரச் சொல். முதல் மூன்று மாதம் எந்த மூத்த நர்சின் பார்வையில் நிற்பேன்? இரவுப் பணியில் எத்தனை நோயாளிகள் என் பொறுப்பு? தனியே விடுமுன் என்னென்ன பயிற்சி? ஊதியம் எழுத்திலே வருமா? விலக நேர்ந்தால் என்ன நிபந்தனை? சர்டிபிகேட்டைக் காட்டட்டும், நகலைக் கொடுக்கட்டும். அசலை மட்டும் கையோடு கொண்டுவரட்டும்.

தீவிர சிகிச்சைக் கதவு உடனே திறக்கவில்லையா? சோர வேண்டாம். அவசரப் பிரிவும் அறுவை வார்டும் அந்த மாடிக்குப் போகும் படிக்கட்டுகள்தான். தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, புற்றுநோய், பச்சிளங்குழந்தை என்று தனித்தனித் துறைகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஓராண்டுப் பட்டயப் படிப்புகளும் உள்ளன.

'மருந்து' அதிகாரத்திலே வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நிறுத்தவில்லை. அருகிருந்து பார்ப்பவரை நான்காவது தூணாக நிறுத்தினார். மூன்று தூணுக்குப் பூச்சு, நான்காவது தூணுக்குப் பட்டினியா?

அனுபவம் எந்தக் கடையிலும் விற்பதில்லை, தம்பி. மூத்தவர் கைப்பிடித்து, முறையான கூலி கொடுத்து, நோயாளியின் கட்டிலருகே உருவாக்கப்படுவது அது. அதை உருவாக்கும் கடமை மருத்துவமனையுடையது. கடமையைக் கேட்டு வாங்கும் உரிமை நம்முடையது. கேட்போம்!